வியாபாரத்துக்கு ஓர் ஒத்திகை



சிக்கலான வியாபார அமைப்புகளை மாதிரியாக வடித்து, அந்த மாதிரியை ஓட்டிப் பார்க்கக் கற்றுக்கொள்வது எப்படி என்பதைப் பற்றிப் பேசும்படி இச்சபையார் பணித்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்ட மாத்திரத்தில், இது கணித சாஸ்திரிகளுக்கும் கம்ப்யூட்டர் நிபுணர்களுக்கும் உரிய விஷயம் என்று எண்ணிக் கடை வைத்து நடத்துகிறவர்களும் ஆலையில் கணக்கு எழுதுகிறவர்களும் பின்வரிசைக்கு நகர்ந்துவிடக் கூடாது என்பது என் முதல் விண்ணப்பம். கூட்டலும் கழித்தலும் அறிந்த எவரும் இவ்வித்தையின் பெரும்பகுதியை ஒரு தாளையும் பென்சிலையும் வைத்துக்கொண்டே கற்றுவிடலாம். இவ்வித்தையைத் தோற்றுவித்தவரும் அப்படித்தான் தொடங்கினார்.

ஜே ஃபாரஸ்டர் 1918-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், மாட்டுப்பண்ணைக் குடும்பமொன்றில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே காற்றினால் இயங்கும் மின்சார யந்திரமொன்றைத் தம் கையால் அமைத்துப் பண்ணைக்கு விளக்கேற்றியவர். பிற்காலத்தில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 'வேர்ல்விண்ட்' என்ற ஆதிகாலக் கம்ப்யூட்டரைக் கட்டிய குழுவுக்குத் தலைமை வகித்து, சின்னஞ்சிறு காந்த வளையங்களில் தகவலைத் தேக்கிவைக்கும் முறையை உருவாக்கிப் பெரும்புகழ் ஈட்டியவர். இத்தகைய யந்திர நிபுணர் 1956-இல் அதே கழகத்தைச் சேர்ந்த ஸ்லோன் நிர்வாகப் பள்ளிக்கு ஆசிரியராக மாறினார்; ஒரு யந்திரத்தை ஆராயும் புத்தி ஒரு கம்பெனியை ஆராயவும் பயன்படுமா என்பதே அவர் மனத்தில் இருந்த கேள்வி.

அப்போது ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் நிர்வாகிகள் சிலரோடு அவருக்குச் சம்பாஷணை நேர்ந்தது. கெண்டக்கியில் வீட்டு உபயோகச் சாதனங்கள் செய்யும் அவர்களுடைய ஆலைகள் சில காலம் மூன்று நான்கு ஷிப்டுகளாக ஓயாமல் ஓடுவதும், சில வருஷங்கள் கழித்து ஆட்களில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பும்படி ஆவதும் அவர்களுக்குப் பெரும் புதிராக இருந்தன. நாட்டின் பொருளாதாரம் ஏறுகிறது, இறங்குகிறது, அதனால் நாமும் ஏறி இறங்குகிறோம் என்று சொல்லி அமைதி காணலாம். ஆனால், அந்தச் சமாதானம் சொன்னவர்களுக்கே முழுத் திருப்தி அளிக்கவில்லை. ஃபாரஸ்டர் அவர்களிடம் பொருளாதாரத்தைப் பற்றி விசாரிக்கவில்லை. எந்த நிலைமையில் புதிய ஆள் சேர்ப்பீர்கள், எவ்வளவு சரக்கைக் கையிருப்பில் வைப்பீர்கள் என்று சாதாரணமான கேள்விகளைக் கேட்டார். கேட்டுக்கொண்டபின் ஒரு நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தில் சரக்கிருப்பு, ஆட்கள், ஆர்டர்கள் என்று தலைப்பிட்டுப் பத்திகள் போட்டு, இந்த வாரத்து நிலைமையிலிருந்து, நிர்வாகிகள் தாமே சொன்ன விதிப்படி அடுத்த வாரத்து நிலைமையையும், அதிலிருந்து அதற்கடுத்த வாரத்தையும் கையாலேயே கணக்கிட்டுக்கொண்டு போனார். வெளியிலிருந்து வரும் ஆர்டர் சிறிதும் மாறாமல் இருந்தால்கூட, அந்த விதிகளே ஆலையை ஏற்றியும் இறக்கியும் ஆட்டிவைக்கும் என்பது அந்தப் பக்கத்திலிருந்து தெரியவந்தது. இன்று 'சிஸ்டம் டைனமிக்ஸ்' என்று வழங்கும் துறை அந்தப் பக்கத்தில் பிறந்தது.

நான் இன்று சொல்ல வந்ததும் இதுதான். வியாபாரத்தில் காணும் ஏற்ற இறக்கங்களில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதில்லை. விவேகமுள்ளவர்கள், நல்லெண்ணத்தோடு, தாங்கள் வகுத்துக்கொண்ட விதிகளின்படி நடப்பதனாலேயே அவை உண்டாகின்றன. அந்த விதிகளை நாமே எழுதி, அவை என்ன செய்கின்றன என்பதை நாமே பார்ப்பதற்கு மாதிரி ஒரு கருவி. எதிர்காலத்தை முன்கூட்டி அறிவதற்கு அதை நாடுகிறவர்கள் ஏமாற்றமடைவார்கள்.

மாதிரி என்பது என்ன? எந்த வியாபாரத்தையும், எந்த நேரத்திலும் எண்ணிப் பார்க்கக்கூடிய இருப்புகளாகவும், அந்த இருப்புகளைக் கூட்டியும் குறைத்தும் வரும் ஓட்டங்களாகவும் பிரித்துவிடலாம். கிடங்கில் கிடக்கும் சரக்கு ஓர் இருப்பு. வரத்து அதைக் கூட்டுகிறது, விற்பனை குறைக்கிறது. வேலையாட்களின் தொகை ஓர் இருப்பு. ஆள் சேர்ப்பது கூட்டுகிறது, விலகுவது குறைக்கிறது. வராத பாக்கியும் நிறைவேற்றாத ஆர்டரும் இருப்புகளே. ஒரு கடைக்கு ஊரில் உள்ள நற்பெயரும், அளப்பதற்கு அரிதாயினும், ஓர் இருப்புத்தான். இருப்பு எவ்வளவு என்பதைப் பார்த்து மனிதன் ஒரு தீர்மானம் செய்கிறான். தீர்மானம் ஓட்டத்தை மாற்றுகிறது. ஓட்டம் மறுபடியும் இருப்பை மாற்றுகிறது. இந்த வட்டத்தைப் பின்னூட்டம் என்கிறோம். வட்டத்தின் நடுவே காலதாமதம் நுழையும்போதுதான் விபரீதங்கள் தொடங்குகின்றன.

இதைக் கண்ணால் காணும்படி செய்துகாட்டியவர் ஒருவர் உண்டு. நியூஜிலாந்தில் பிறந்து, மின்சாரப் பொறியாளராகப் பயின்று, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு மீண்ட பில் ஃபிலிப்ஸ் என்பவர், 1949-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட ஒரு யந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தொட்டிகளிலும் குழாய்களிலும் சாயநீர் ஓட, வருமானமும் வரியும் சேமிப்பும் முதலீடும் அந்நீரின் ஓட்டங்களாக, ஒரு தேசத்தின் பொருளாதாரம் முழுவதும் அங்கே ஏறி இறங்கியது. ஒரு மடையைச் சற்றுத் திருகினால் எங்கோ ஒரு தொட்டியின் மட்டம் மெல்ல மாறுவதை யந்திரத்தோடு இணைந்த பேனா தானே கோடாக வரைந்தது. சமன்பாடுகளைக் கண்டு மருண்ட மாணவர்களுக்குக்கூட, மடையைத் திருகியதற்கும் மட்டம் மாறியதற்கும் இடையே கழிந்த காலம் கண்ணெதிரே தெரிந்தது.

அத்தகைய யந்திரம் நம்மிடம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஃபாரஸ்டரைப் பின்பற்றி நாமும் தாளில் ஓர் ஒத்திகை நடத்துவோம். ஒரு மொத்த வியாபாரி வாரந்தோறும் 100 பெட்டி சோப்பு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வார விற்பனைக்கு ஈடான சரக்கு, அதாவது 400 பெட்டி, எப்போதும் கிடங்கில் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரு வாரக் கடைசியில் ஆர்டர் போட்டால் சரக்கு அதற்கு மூன்றாவது வாரத்தில் வந்து சேரும். ஆர்டர் போடுவதற்கு அவர் வைத்திருக்கும் விதி மிகவும் நியாயமானது: அந்த வாரம் விற்றது எவ்வளவோ அவ்வளவு, அதற்குமேல், இருக்க வேண்டிய இருப்புக்குக் குறைவாக இருந்தால் குறைகிற அளவைச் சேர்த்தும், அதிகமாக இருந்தால் அதிகப்பட்டதைக் கழித்தும் போடுவது. பல காலமாக இந்த விதியின்படி எல்லாம் சீராக நடந்து வருகிறது.

ஒரு வாரம் விற்பனை 110 பெட்டியாக உயர்கிறது. அதன் பிறகு அது மாறுவதே இல்லை. வெளியுலகம் செய்த குறும்பு இவ்வளவே. இனி வியாபாரியின் ஏட்டைப் புரட்டுவோம். முதல் வாரக் கடைசியில் இருப்பு 390. இருக்க வேண்டியதோ இப்போது 440. ஆகவே 160 பெட்டிக்கு ஆர்டர் போடுகிறார். பழைய ஆர்டர்கள்தாம் இன்னும் வந்துகொண்டிருப்பதால் இரண்டாம் வாரம் இருப்பு 380, ஆர்டர் 170. மூன்றாம் வாரம் இருப்பு 370, ஆர்டர் 180. நான்காம் வாரத்தில் முதல் பெரிய ஆர்டர் வந்து இறங்குகிறது. அதைத் தொடர்ந்து மற்ற இரண்டும் வருகின்றன. ஆறாம் வாரத்தில் இருப்பு 550, ஆர்டரே போடவில்லை. ஏழாம் வாரத்தில் 570. அப்போதும் ஆர்டர் இல்லை. போடாத ஆர்டர் வந்து சேருமா? பத்தாம் வாரத்தில் கிடங்கு 310-க்கும் பதினோராம் வாரத்தில் 220-க்கும் வற்றிவிடுகிறது. பதறிப்போய் அந்த ஒரு வாரத்தில் மட்டும் 330 பெட்டிக்கு எழுதுகிறார். பதினான்காம் வாரத்தில் இருப்பு 590. மறுபடியும் ஆர்டர் கிடையாது. அலை அடங்கவில்லை; முன்னிலும் சற்று உயர்ந்தே எழுந்திருக்கிறது.

சோப்பு ஆலையின் பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். 180 பெட்டி கேட்ட வாடிக்கைக்காரர் மூன்றே வாரங்களில் ஒன்றும் வேண்டாம் என்கிறார். பிறகு திடீரென்று 330 கேட்கிறார். ஆலை அதிபர் ஓவர்டைம் கொடுக்கிறார், பின்பு ஆட்குறைப்புச் செய்கிறார், இக்காலத்துச் சந்தையை நம்பவே முடியவில்லை என்று நண்பர்களிடம் குறைபட்டுக்கொள்கிறார். சந்தையிலோ மக்கள் வாரம் 110 பெட்டிச் சோப்பைத் தவறாமல் வாங்கிக் குளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிழை எங்கே? வியாபாரி கிடங்கில் உள்ள சரக்கை எண்ணினார். ஆர்டர் போட்டு வழியில் இருக்கும் சரக்கை எண்ணவில்லை. அதையும் எண்ணும்படி விதியைத் திருத்துங்கள்: இனி வர வேண்டிய இரண்டு வாரச் சரக்கு 220 பெட்டியாக இருக்க வேண்டும், அதற்கும் உண்மையில் வழியில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தையும் ஆர்டரில் சேர்த்துக்கொள்ளட்டும். முதல் வாரத்தில் அவர் 180 பெட்டிக்கு எழுதுவார். இரண்டாம் வாரத்தில் 110, மூன்றாம் வாரத்தில் 110. இருப்பு 390, 380, 370 என்று இறங்கி, நான்காம் வாரத்தில் சரியாக 440-க்கு வந்து நின்றுவிடும். அதன் பிறகு அலை என்பதே இல்லை. விற்பனையை முன்னறிந்து சொல்லும் ஜோசியர் ஒருவரும் தேவைப்படவில்லை. வழியில் இருப்பதையும் இருப்பாகக் கருதினால் போதுமானதாயிற்று.

இவ்வளவு எளிதில் தெரிகிற பிழையைப் படித்த மனிதர் செய்வாரா என்று உங்களில் சிலர் ஐயுறலாம். அதைப் பரீட்சித்துப் பார்ப்பதற்கென்றே ஸ்லோன் பள்ளியில் ஒரு விளையாட்டு உண்டு. 1960-களின் தொடக்கத்திலிருந்து மாணவர்களும் கம்பெனி நிர்வாகிகளும் அதை ஆடி வருகிறார்கள். பீர் விளையாட்டு என்பது அதன் பெயர். மதுவிலக்கில் பற்றுள்ளவர்கள் கலங்க வேண்டாம், பலகையில் நகர்வன வெறும் வில்லைகளே. சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நால்வர் வரிசையாக உட்காருகிறார்கள். ஒருவரோடொருவர் பேசக் கூடாது. ஆர்டர் சீட்டை மட்டும் அடுத்தவருக்குத் தள்ளலாம். சீட்டு போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் வாரங்கள் பிடிக்கும். கிடங்கில் கிடக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் வாரத்துக்கு அரை டாலர் செலவு. கேட்டும் கொடுக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு டாலர். வாடிக்கைக்காரர் முதல் நான்கு வாரங்கள் 4 பெட்டி கேட்கிறார், ஐந்தாம் வாரத்திலிருந்து 8 கேட்கிறார். அதற்குமேல் ஒரு மாறுதலும் இல்லை. ஆயினும் ஆட்டம் முடிவதற்குள் நிலுவை குவிகிறது, பிறகு சரக்கு மலைபோல் குவிகிறது. நால்வரும் பலகைக்கு அப்பாலுள்ள யாரையோ மனத்துக்குள் வைது தீர்க்கிறார்கள். ஜான் ஸ்டெர்மன் என்ற பேராசிரியர் இந்த ஆட்டங்களை ஆராய்ந்து 1989-இல் வெளியிட்ட கட்டுரையில், சராசரி அணியின் செலவு மிகக் குறைந்த அளவில் முடித்திருக்கக்கூடிய செலவைப்போல் பத்து மடங்கு என்று காட்டினார். காரணமும் நம் சோப்பு வியாபாரி செய்த அதே பிழைதான்: ஆர்டர் போட்டு இன்னும் வந்துசேராத சரக்கை ஆட்டக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும், வாடிக்கைக்காரர் கேட்டது எப்படி இருந்திருக்கும் என்று வரைந்துகாட்டச் சொன்னால், பெரும்பாலோர் ஏறி இறங்கும் ஓர் அலையை வரைகிறார்கள். தாங்கள் எழுப்பிய அலையை வாடிக்கைக்காரரின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள்.

வகுப்பறைக்கு வெளியிலும் இதுவே நடக்கிறது. பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியார் தங்கள் 'பாம்பர்ஸ்' என்னும் குழந்தை அணையாடையின் கணக்கை ஆராய்ந்தபோது, கடைகளில் அதன் விற்பனை ஓரளவுக்குத்தான் ஏறி இறங்கியது என்றும், விநியோகஸ்தர்களின் ஆர்டர் அதைவிட அதிகமாகவும், கம்பெனி தன் மூலப்பொருள்களுக்காகப் போட்ட ஆர்டர் அதனினும் அதிகமாகவும் ஆடியது என்றும் கண்டார்கள். குழந்தைகளோ ஒரே சீராக அணையாடையை நனைத்துக்கொண்டிருந்தன. ஹவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூவரும் 1997-இல் இதை ஆராய்ந்து நான்கு காரணங்களை வகுத்தார்கள்: ஒவ்வொருவரும் தமக்குக் கீழுள்ளவரின் ஆர்டரை மட்டும் பார்த்து அனுமானம் செய்வது, சிறுகச் சிறுக வாங்காமல் சேர்த்துவைத்து மொத்தமாக ஆர்டர் போடுவது, தள்ளுபடிக் காலத்தில் வாங்கிக் குவிப்பது, தட்டுப்பாடு வருமென்று அஞ்சி வேண்டியதைவிடக் கூட்டிக் கேட்பது. இவற்றில் ஒன்றேனும் மூடத்தனமல்ல. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் கெட்டிக்காரத்தனமே.

எல்லாச் சிக்கலும் இந்த வகையைச் சேர்ந்ததல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் பணியாற்றிய எர்லாங் என்னும் கணித வல்லுநர் 1909-இலேயே, தற்செயலாக வரும் அழைப்புகளைக் கணிதத்தால் ஆராயத் தொடங்கினார். கியூ வரிசையின் சாஸ்திரம் அங்கிருந்து வளர்ந்தது. வருகிறவர்களும் தற்செயலாக வந்து, ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் தற்செயலாக மாறும் ஒரு ஜன்னலில், ஊழியருக்கு நேரத்தில் நூற்றுக்கு 80 பங்கு வேலை இருந்தால் அங்கே சராசரியாக 4 பேர் இருப்பார்கள். 90 பங்கானால் 9 பேர். 95 பங்கானால் 19 பேர். ஊழியரைச் சும்மா இருக்கவிடாமல் வேலை வாங்குவதே சிக்கனம் என்று எண்ணும் நிர்வாகி, அந்தச் சிக்கனத்தின் கூலியை வரிசையில் நிற்பவர்களிடம் வசூலிக்கிறார். வரிசைகளை ஆராய்வதற்கு ஒவ்வொரு வருகையையும் தனித்தனியே நடத்திப் பார்க்கும் சிமுலேஷன் ஏற்றது. நம் சோப்பு வியாபாரிபோன்ற விவகாரங்களுக்கு இருப்பு, ஓட்டம், தாமதம் என்னும் முறை ஏற்றது. எந்த நோய்க்கு எது என்று அறிவதும் கல்வியின் ஒரு பகுதி.

இனி, கற்கும் மார்க்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். தொடங்குகிறவர்கள் செய்யும் முதல் தவறு, கம்பெனி முழுவதையும் மாதிரியாக்கப் புறப்படுவது. அப்படிப் புறப்பட்டவர் எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்து, இறுதியில் கம்பெனியைப் போலவே தமக்கும் விளங்காத ஒன்றைக் கட்டி முடிப்பார். மாதிரிக்கு ஒரு கேள்வி வேண்டும். 'எங்கள் கையிருப்பு ஏன் வருஷத்துக்கு இரண்டு தடவை வீங்கி வற்றுகிறது?' என்பது கேள்வி. 'எங்கள் விற்பனைப் பிரிவு எப்படி நடக்கிறது?' என்பது கேள்வியாகாது. கேள்வி கிடைத்ததும், வீங்கி வற்றுவதை மாத வாரியாக ஒரு கோடாக வரைந்து சுவரில் மாட்டுங்கள். அந்தக் கோட்டை விளக்குவதற்கு எது தேவையில்லையோ அது மாதிரியில் நுழைய வேண்டாம்.

அடுத்தது, தீர்மான விதிகளைச் சேகரிப்பது. எழுதிவைத்த நடைமுறைப் புத்தகத்தில் இருக்கும் விதி ஒன்று. கிடங்குக் கணக்குப்பிள்ளை உண்மையில் பின்பற்றும் விதி மற்றொன்று. ஒரு ஸ்தாபனத்தைப் பற்றிய ஞானத்தில் பெரும்பகுதி அங்கு வேலை செய்கிறவர்களின் தலைக்குள்ளே இருக்கிறது, ஏடுகளில் இருப்பது கொஞ்சம், எண்களாக இருப்பது அதிலும் கொஞ்சம் என்று ஃபாரஸ்டர் வற்புறுத்தி வந்தார். ஆதலால், 'பண்டிகைக்கு முன்னால் எவ்வளவு கூட்டிப் போடுவீர்கள்?' என்று கணக்குப்பிள்ளையைக் கேட்டு, அவர் சற்றே தயங்கிச் சொல்லும் விடையை எழுதிக்கொள்வது, பத்து வருஷத்துப் புள்ளிவிவரத்தைத் திரட்டுவதைவிட மேலான காரியமாகும். எண் கிடைக்கவில்லை என்பதற்காக ஒன்றை விட்டுவிடுவது, அதன் பலன் பூஜ்யம் என்று தீர்ப்புச் சொல்வதற்குச் சமம்.

மூன்றாவது, கட்டிய மாதிரியை நம்பாமல் இருப்பது. வாரத்துக்கு இத்தனை பெட்டி என்னும் அளவையும் வெறும் பெட்டி என்னும் அளவையும் எங்கேனும் கூட்டியிருக்கிறோமா என்று ஒவ்வொரு சமன்பாட்டிலும் பாருங்கள். கிடங்கில் சரக்கே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பாருங்கள். 'ஆர்டர் வந்த அளவுக்குச் சரக்கு வெளியே போகும்' என்று கவனமில்லாமல் எழுதியிருந்தால், காலிக் கிடங்கிலிருந்தும் பெட்டிகள் போய்க்கொண்டே இருக்கும், இருப்பும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். வாடிக்கைக்காரர் எல்லோரும் ஒரே நாளில் மறைந்துவிட்டால் என்ன, விலை பத்து மடங்கானால் என்ன என்று விபரீதமான நிலைமைகளை வலிய உண்டாக்கிப் பாருங்கள். சாதாரண நாட்களில் ஒழுங்காக நடக்கும் மாதிரியின் பொய்கள் அசாதாரண நாட்களில்தான் வெளிப்படும்.

கருவிகளைப் பற்றி நெடுநேரம் பேச வேண்டியதில்லை. 1959-இல் ஃபிலிஸ் ஃபாக்ஸ், அலெக்ஸாண்டர் ப்யூ ஆகிய இருவர் 'டைனமோ' என்னும் கம்ப்யூட்டர் மொழியை எழுதிக் கைக்கணக்கின் சிரமத்தைப் போக்கினார்கள். இன்று வென்சிம், ஸ்டெல்லா முதலிய மென்பொருள்கள் படம் வரைந்தால் சமன்பாட்டுக்கு உருவம் தந்துவிடுகின்றன. சாதாரண எக்ஸெல் தாளே தொடக்கத்துக்குப் போதும். ஃபாரஸ்டர் 1961-இல் வெளியிட்ட 'இண்டஸ்ட்ரியல் டைனமிக்ஸ்' மூலநூலாக நிற்கிறது. ஸ்டெர்மன் 2000-த்தில் வெளியிட்ட 'பிசினஸ் டைனமிக்ஸ்' ஏறக்குறைய ஆயிரம் பக்கமுள்ள பாடநூல். ஆனால், கருவி கைக்கு எளிதாக வந்த அளவுக்குக் கருத்து எளிதாகிவிடவில்லை. முதல் மாதிரியைக் கையால் ஒரு பன்னிரண்டு வாரமேனும் ஓட்டிப் பார்க்காதவர், யந்திரம் வரைந்து தரும் கோட்டைக் கண்டு வியப்பாரேயன்றி, அது ஏன் அங்கே திரும்பிற்று என்று சொல்ல மாட்டார்.

மாதிரிகளின் மீது குறை சொல்வோரும் உண்டு. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பாஸ்டன் நகரத்தின் முன்னாள் மேயர் ஜான் காலின்ஸின் தூண்டுதலால் ஃபாரஸ்டர் நகரங்களையும் மாதிரியாக்கி 1969-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஏழைகளுக்கு மலிவான வீடுகளைக் கட்டித் தருவது நலிந்த நகரத்தை மேலும் நலியச் செய்யலாம் என்று அதில் கண்ட முடிவு பலரைக் கொதிப்படையச் செய்தது. அவர் வகுத்த உலக மாதிரியை அடியொற்றி 1972-இல் வெளிவந்த 'வளர்ச்சியின் எல்லைகள்' என்னும் அறிக்கையைப் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. எடுத்துக்கொண்ட அனுமானங்கள் வேறாக இருந்தால் முடிவும் வேறாகியிருக்கும் என்று விமர்சகர்கள் சொன்னார்கள், அது மெய்தான். ஆனால், மாதிரியே செய்யாதவரும் அனுமானம் இல்லாமல் தீர்மானம் செய்வதில்லை. தம் அனுமானம் இன்னதென்று அவரும் அறியார், அவரோடு வாதாடுகிறவரும் அறியார். மாதிரி செய்தவரோ தம் அனுமானங்களை ஒவ்வொன்றாகச் சபைமுன் வைத்துவிடுகிறார். எந்த வரியில் எனக்கு உடன்பாடில்லை என்று எதிரி சுட்டிக்காட்டலாம், அதை மாற்றி மறுபடியும் ஓட்டிப் பார்க்கலாம். தவறாக இருக்கக்கூடும் என்பது எல்லாக் கருத்துக்கும் உள்ள சுபாவம். தவறு இன்ன இடத்தில் என்று காட்டக்கூடியதாக இருப்பது மாதிரிக்குள்ள விசேஷம்.

ஆகவே, நண்பர்களே, நாளைக் காலையில் கடையையோ அலுவலகத்தையோ திறந்ததும், நீங்கள் வாரந்தோறும் செய்யும் ஒரு தீர்மானத்தை எடுத்துக்கொண்டு, 'இன்ன நிலைமையில் இவ்வளவு செய்வேன்' என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். பலருக்கு அந்த வாக்கியமே எளிதில் வராது. வராமையே முதல் பாடம். வந்தபின், அதன்படி பன்னிரண்டு வாரங்களைத் தாளில் நடத்துங்கள். சந்தை கெட்டுவிட்டது, ஆட்கள் சரியில்லை, வாடிக்கைக்காரருக்கு நிலையான புத்தி இல்லை என்று இதுகாறும் நாம் சொல்லி வந்த காரணங்களில் எத்தனை உண்மை, எத்தனை நம் விதியின் விளைவு என்பது அத்தாளில் தெரிந்துவிடும். வெளியிலிருந்து வரும் கெடுதலை நாம் பொறுத்துக்கொள்ளத்தான் முடியும். நம் விதியால் விளைந்த கெடுதலையோ, விதியைத் திருத்தி இந்த வாரமே நிறுத்திவிடலாம்.